அழுக்கு தெரியாத நிறம்

கடைக்குள் நுழையும்போது அவருக்கு வாசல்படி தடுக்கியது. தடுக்கியதை மறைக்க, குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டுவதுபோல் பாவனை செய்தார். அந்தக் காலணியில் கயிறே கிடையாது. அவர் மனைவி அதைப் பார்த்தும் பாராதவளாக, சுவரில் வரிசையாகத் தொங்கிய ஹெல்மெட்டுகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

மலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கான கடை அது. காட்டுக்கு ஏறும் சாலை தொடங்குமிடத்தில், ஒரு பெட்ரோல் பங்குக்கும் பூட்டிக் கிடந்த கிடங்குக்கும் நடுவில் இருந்தது. உள்ளே புது ரப்பர் வாசனை. ஒரு பக்கம் சக்கரங்கள், மறுபக்கம் துணிமணிகள், நடுவில் உட்கார்ந்து போட்டுப் பார்க்க ஒரு நீளப் பலகை. கடைக்காரனை எல்லோரும் சங்கிலி என்றுதான் கூப்பிட்டார்கள். எந்தக் கால்சட்டை போட்டாலும் வலது கணுக்காலுக்கு மேலே சைக்கிள் சங்கிலியின் கறுப்புத் தடம் பதிந்திருக்கும். அவள் வேலை செய்வது சலவை நிலையத்தில், கறை எடுக்கும் மேசையில். அந்தத் தடத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கை துறுதுறுக்கும்.

"வாங்க ஆந்தையண்ணே" என்றான் சங்கிலி. "அட, அண்ணியும் வந்திருக்காங்க. இன்னிக்கு மழைதான்."

"மழை வேண்டாம்ப்பா. ஞாயித்துக்கிழமை வரைக்கும் வேண்டாம்" என்றார் அவர்.

ஆந்தை என்பது மலை அவருக்குக் கொடுத்த பெயர். பொழுது சாய்ந்து மற்றவர்கள் ஹெல்மெட்டில் விளக்கை மாட்டிக்கொண்டு இறங்கும் வேளையில், இவர் மட்டும் விளக்கில்லாமல் இறங்குவாராம். நோய் வந்தபோது கண்ணில் முதலில் போனது அந்த அந்திப் பார்வைதான். பிறகு ஓரங்கள் போயின. மேசை முனைகள், திறந்து கிடக்கும் அலமாரிக் கதவுகள், பக்கத்தில் நடந்து வருகிறவர்கள் எல்லாம் ஒவ்வொன்றாக அவர் உலகத்திலிருந்து விலகிக்கொண்டார்கள். ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல, நேர் எதிரே இருப்பது மட்டும் மிச்சம் என்று டாக்டர் விளக்கியிருந்தார். ஓரம் முதலில் போகும், நடு கடைசியில் போகும். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவரைக் கம்பெனியில் தொலைபேசி மேசைக்கு மாற்றினார்கள். மலையில் பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

"நடு எப்படி இருக்கு?" என்று அவள் அடிக்கடி கேட்பாள்.

"கண்ணாடி மாதிரி இருக்கு" என்பார் அவர். எப்போது கேட்டாலும் அதே பதில்.

அந்தக் கண்ணாடி இருக்கும்போதே பல்லித்தடத்தில் கடைசியாக இன்னொரு தடவை இறங்கிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. மலையின் வடக்குச் சரிவில், சுவரில் பல்லி இறங்குவதுபோல் ஒட்டி ஒட்டி வளைந்து இறங்கும் ஒற்றையடிப் பாதை அது. கல்யாணத்துக்கு முந்தைய நாள்கூட அதில் இறங்கி விழுந்தார். அவர்களுடைய கல்யாணப் படத்தில், சட்டைக் கைக்கு வெளியே முழங்கைக் கட்டு வெள்ளையாக எட்டிப் பார்க்கும்.

"விழுந்து வெச்சா நான் என்ன பண்றது?" என்று அவள் கேட்டாள்.

"பாதிதானே தெரியுது. விழுந்தாலும் பாதிதான் விழுவேன்."

அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் கொஞ்ச காலம் தம்ளர்கள் மேசையில் கொஞ்சம் சத்தமாகவே வைக்கப்பட்டன. கடைசியில் அவர்தான் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். துணி மடித்துக்கொண்டிருந்தவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்து, அவள் முகத்தைக் குழாய்க்குள் சரியாக நிறுத்திக்கொண்டு சொன்னார்:

"நீ முன்னாடி போ. உன்னை மட்டும் பாத்துக்கிட்டு நான் பின்னாடி வர்றேன். நேரா இருக்கறது எனக்குத் தெரியுதில்ல? நீ எனக்கு நேரா இரு, போதும்."

அவள் தினமும் சைக்கிளில்தான் சலவை நிலையத்துக்குப் போய் வந்தாள். ஆனால் மலைக்குப் போனதில்லை. மலைதான் அவளிடம் வந்துகொண்டிருந்தது, இத்தனை வருடங்களாக, அவருடைய அழுக்குத் துணிகளில். மேல்சரிவின் செம்மண் வெந்நீர் பட்டால் பிடித்துக்கொள்ளும். ஓடைக்கரையின் கறுப்புச் சேறு காய்ந்த பிறகுதான் உதிரும். பாதி வாழ்க்கையை அவர் கழித்த அந்த இடத்தைத் தான் கறைகளாக மட்டுமே அறிந்திருக்கிறோம் என்று அப்போது அவளுக்குத் தோன்றியது. சரி என்று சொல்லிவிட்டாள். அடுத்து வந்த விடுமுறை நாள்களில் காட்டுச் சாலையின் எளிய இறக்கங்களில் அவர் அவளுக்குக் கற்றுக்கொடுத்தார். மிதிகட்டைகளைச் சமமாக நிறுத்து. உடம்பைப் பின்னால் தள்ளு. முன் பிரேக்கைக் கப்பென்று பிடிக்காதே. பாக்கற இடத்துக்குத்தான் சைக்கிள் போகும், அதனால கல்லைப் பாக்காதே, வழியைப் பாரு.

இப்போது அவளுக்கு உடுப்பும் கவசமும் வாங்கத்தான் வந்திருந்தார்கள்.

"மொதல்ல தலை" என்றான் சங்கிலி. தாடை வரை மூடும் ஒரு ஹெல்மெட்டை எடுத்து அவள் தலையில் கவிழ்த்து, புருவத்துக்கு மேல் ரெண்டு விரல் வைத்துப் பார்த்தான். "தலையை ஆட்டுங்க அண்ணி. இல்ல, சம்மதம்னு ஆட்டாதீங்க, மாட்டேன்னு ஆட்டுங்க."

"அதை அவளுக்குச் சொல்லியா தரணும்?" என்றார் அவர்.

ஹெல்மெட் தலையோடு சேர்ந்து திரும்பியது. கன்னத்தை இரண்டு பக்கமும் அழுத்தியது. கண்ணாடியில் பார்த்தபோது, யாரோ ஒருத்தி எங்கோ புறப்பட்டுக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. 

முழங்கால் கவசத்தைப் போட்டு உட்காரச் சொன்னான், எழச் சொன்னான், குந்தி எழச் சொன்னான். நின்றுகொண்டே போட்டுப் பார்த்து வாங்குகிறவர்கள்தான் பாதி வழியில் கவசம் கணுக்காலுக்கு இறங்கி அழுகிறவர்கள் என்றான். கையுறையின் விரல் நுனியில் துணி மிஞ்சக்கூடாது, மிஞ்சினால் பிரேக்கில் மாட்டும். காலணிக்கு அடி தட்டையாக, மிதிகட்டையில் பல்லி மாதிரி ஒட்டும் ரப்பராக இருக்க வேண்டும். மிதிகட்டையில் பூட்டிக்கொள்ளும் காலணி இப்போதைக்கு வேண்டாம். பயம் வந்ததும் கால் தானாகத் தரைக்கு வர வேண்டும். கண்களுக்கு நிறமில்லாத கண்ணாடி போதும், காட்டுக்குள் நிழல்தான்.

அடுத்து, உட்காரும் இடத்தில் பஞ்சு வைத்துத் தைத்த உள்கால்சட்டையை எடுத்து மேசைமேல் வைத்தான். பிறகு எதையோ தேடுவதுபோல் கூரையைப் பார்த்தான்.

"அண்ணே, இதை நீங்களே அண்ணிகிட்ட சொல்லிடுங்க."

"எதை?"

"அதான். இதுக்குள்ள வேற எதுவும் போடக்கூடாதுன்னு."

"நீதான் சொல்லிட்டியே" என்றாள் அவள். மூவரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கும்போது முகத்தை அவள் இருந்த திசைக்குக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு சிரித்தார். அவள் நகர்ந்து நேராக நின்றுகொண்டாள்.

மணியையும் சங்கிலிதான் காட்டினான். உள்ளங்கைக்குள் அடங்கும் பித்தளை மணி. சைக்கிளின் கைப்பிடியில் கட்டினால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அடித்துக்கொண்டே வரும்.

"இது சத்தத்துக்கு. பின்னாடி வர்ற அண்ணன் காதால பிடிச்சுக்குவாரு. ஆனா ஓடைப் பக்கத்துல இது உதவாது அண்ணி. போன வாரம் பெஞ்ச மழையில தண்ணி அடிச்சுக்கிட்டுப் போகுது, பக்கத்துல நின்னு கத்தினாலே கேக்காது. அங்க கண்ணுதான். அதனால சட்டை இது." 

ஆரஞ்சு நிறத்தில் முழுக்கைச் சட்டை ஒன்றை விரித்தான். ஊசி முனைத் துளைகள் நிறைந்த வழுவழுப்பான துணி. கடையின் அந்த மூலையே சூடாகிவிட்டதுபோல் இருந்தது.

அவள் துணியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். செம்மண் பட்டால் இது என்ன ஆகும் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஒரு தடவை. ஒரே தடவை. அப்புறம் எந்த மருந்தும் அதைக் காப்பாற்றாது, மார்பிலும் முதுகிலும் துருப்பிடித்த தேமல் மாதிரி நின்றுவிடும்.

"இதைப் போட்டுக்கிட்டு நின்னா ரோடு போட வந்தவன்னு நெனச்சு வண்டியை ஓரமா ஓட்டுவாங்க" என்றாள். "வேற கலர் இல்லையா?"

"இருக்கு. அது யாரும் வாங்கறதில்ல." சங்கிலி அரைமனதோடு இன்னொன்றை எடுத்தான். பழுப்பு. காய்ந்த மண்ணின் பழுப்பு, கொஞ்சம் பச்சை கலந்தது. அவளுக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. செம்மண்ணும் இதில் கரைந்துவிடும், கறுப்புச் சேறும் கரைந்துவிடும். ஒரு தடவையோடு முடிந்துபோகிற சட்டையாக இல்லாமல், பல தடவை போடலாம். இன்னொரு தடவை, அதற்கப்புறம் இன்னொரு தடவை. அவர் கடைசி என்று சொன்னதை அவள் மனம் இன்னும் கடைசி என்று எடுத்துக்கொள்ளவில்லை.

"அண்ணி, முன்னாடி போறவங்க பளிச்சுனு இருக்கணும். அண்ணே, நீங்க சொல்லுங்க."

அவள் பழுப்புச் சட்டையைத் தன் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. அவர் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார்.

"தெரியுதா?" என்று கேட்டாள்.

"தெரியாம என்ன. நல்லாத்தான் இருக்கு. உனக்கு எடுப்பா இருக்கு."

"பாத்தியா?" என்றாள் சங்கிலியிடம்.

சங்கிலி ஆரஞ்சுச் சட்டையைத் திரும்ப மடித்து வைத்தான். 

ஞாயிற்றுக்கிழமை மழை பெய்யவில்லை. சங்கிலியின் வண்டி அவர்களை மேலே இறக்கிவிட்டு, அடிவாரத்தில் காத்திருப்பதற்காகத் திரும்பிப் போனது. மரங்களின் உச்சியில் வெயில் இருந்தது, அடியில் இல்லை. தரையெங்கும் போன வருடத்து இலைகள். பழைய முழங்கால் கவசத்தை மாட்டிக்கொண்டிருந்த அவர், பட்டையை இறுக்கும்போது மெதுவாக விசிலடித்துக்கொண்டிருந்தார். அந்த விசிலைக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று அவள் நினைத்தாள்.

"பயமா?" என்றார்.

"உங்களுக்கு?"

"எனக்கு நீ முன்னாடி இருக்க. உனக்கு முன்னாடிதான் யாரும் இல்ல."

முதல் வளைவுகள் எளிதாகவே கழிந்தன. மணி கலகலவென்று அடித்துக்கொண்டு வந்தது. வேர்கள் குறுக்கே கிடந்த இடங்களில் அது பதறியது, மண் மெத்தென்று இருந்த இடங்களில் அடங்கியது. பின்னால் அவருடைய டயர்கள் இலைகளை நசுக்கும் சத்தம் ஒரே சீராக வந்தது. "இடது... உடம்பைப் பின்னாடி... அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பார்க்காமலே சொன்னார். எந்த இடத்தில் எந்தக் கல் என்பது அவர் உடம்புக்குத் தெரிந்திருந்தது. ஓர் இடத்தில் பாதை சட்டென்று இறங்கி, அடுத்த கணம் சமதளத்தில் ஓடியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னாலிருந்து அவரும் சிரித்தார். இதற்காகத்தானா, இவ்வளவு காலமாக, இதற்காகத்தானா அந்த மண் முழுவதும் என்று அவள் நினைத்தாள். அவள் முதல்முறையாக அந்த மண்ணை மன்னித்தாள்.

பிறகு ஓடைச் சத்தம் கேட்டது. முதலில் தூரத்து வண்டிச் சத்தம் மாதிரி, அப்புறம் காட்டையே மூடிக்கொண்ட மாதிரி. பாதை ஓடையை ஒட்டித் திரும்பியதும் அவளுக்குத் தன் மணியே கேட்கவில்லை. அது ஆடுவது மட்டும் தெரிந்தது. ஈரக் கற்கள். அவள் கல்லைப் பார்க்காமல் வழியைப் பார்த்தாள். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று அவர் சொல்லியிருந்தார், திரும்பினால் சக்கரமும் திரும்பும். அவள் திரும்பவில்லை. ஓடை பாறைக்கு அடியில் நுழைந்து மறையும் இடத்துக்குக் கீழே, பாதை அகன்ற இடத்தில், காலை ஊன்றி நின்று திரும்பினாள்.

யாரும் இல்லை.

வந்துவிடுவார் என்று நின்றாள். வரவில்லை. சைக்கிளை ஒரு மரத்தில் சாய்த்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, மேலே ஏறினாள். புதுக் காலணி ஈரக் கல்லிலும் ஒட்டிக்கொண்டது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள். தண்ணீர் அதை வாங்கிக்கொண்டு போனது.

பாறை மறைத்து ஓடைச் சத்தம் கொஞ்சம் குறைந்திருந்த இரண்டாவது திருப்பத்தில் அவர் இருந்தார். விழவில்லை. அடிபடவில்லை. பாதையிலிருந்து கொஞ்சம் விலகி, ஒரு காலைத் தரையில் ஊன்றிச் சைக்கிளிலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்கு நேர் எதிரே, அவள் உயரத்துக்கு, முறிந்துபோன ஒரு மரத்தின் அடிப்பாகம் நின்றது. காய்ந்த பழுப்பு நிறம், ஓரங்களில் கொஞ்சம் பாசி. அவர் அதனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"நின்னுட்டன்னா ஒரு வார்த்தை சொல்றதில்லையா?" தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று உரக்கப் பேசினார். "கால் வலிக்குதா? வலிச்சா உக்காரு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

மரம் பதில் சொல்லவில்லை.

"கோவமா?" என்றார். "நான்தான் கொஞ்சம் வேகமா வந்துட்டேன். இனிமே மெதுவாவே வர்றேன், சரியா?" பிறகு, குரலைத் தணித்து, அவளுக்குக் கேட்காமல் போய்விடக்கூடிய அளவுக்குத் தணித்து, "நீ நல்லா ஓட்டற, தெரியுமா. நான் நெனச்சே பாக்கல" என்றார்.

அவள் அங்கேயே நின்றாள். அவருக்குப் பக்கவாட்டில், அவருடைய உலகத்தில் இல்லாத ஓரத்தில் நின்றாள். அவருக்கும் அந்த மரத்துக்கும் நடுவில் ஒரு சைக்கிள் நீளம்கூட இருக்காது. கண்ணாடி மாதிரி இருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தாரே, அந்த நடுவில்தான் மரம் இருந்தது.

அவள் இலைகளில் சத்தமில்லாமல் காலை வைத்துச் சுற்றிப் போனாள். மரத்தை ஒட்டி, அதற்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"மூச்சு வாங்குது. அதான் நின்னேன்" என்றாள்.

அவர் முகம் தெளிந்தது. "அதைச் சொல்ல வேண்டியதுதானே." சைக்கிளைச் சாய்த்துவிட்டு இறங்கி, எதிரே வந்தார். ஓர் அடி வைத்துவிட்டு நின்றார். "மணி எங்க?"

அவள் கீழே, பாதையின் பக்கம் பார்த்தாள்.

"உன் சைக்கிள் எங்க?"

"கீழ விட்டுட்டு வந்தேன்."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கையை நீட்டினார். கை முதலில் மரத்தைத் தொட்டது, அதன் வெடித்த பட்டையில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு நகர்ந்து அவள் தோளைக் கண்டுபிடித்து, சட்டைக் கையின் சின்னச் சின்னத் துளைகளைத் தடவியது.

"என்ன கலர் இது?" என்று கேட்டார்.

"மண் கலர்."

"நல்லாருக்குன்னு சொன்னேன் இல்ல?"

"சொன்னீங்க."

"ஆரஞ்சு எடுன்னு சொன்னா ஏன்னு கேப்ப. கேட்டா சொல்லணும். சொல்லியிருந்தா நீ இங்க வந்திருக்க மாட்ட."

"மாட்டேன்" என்றாள். 

"எவ்வளவு நேரமா அதுகிட்ட பேசிட்டிருந்தேன்?"

"இப்பதான் வந்தேன். எதுவும் கேக்கல."

அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. பாதையை நோக்கித் திரும்பி, மேலே, தாங்கள் இறங்கி வந்த பக்கம் முகத்தை நிமிர்த்திக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "நடந்தே போயிடலாம்" என்றார்.

அவருடைய சைக்கிளை அவர் உருட்டினார். ஒரு கையால், அவள் முதுகில் மாட்டியிருந்த பையின் பட்டையைப் பிடித்துக்கொண்டார். கீழே வந்து அவள் தன் சைக்கிளையும் எடுத்துக்கொண்டாள். ஓடைச் சத்தம் பின்னால் தங்கியதும் மணி மறுபடியும் கேட்கத் தொடங்கியது. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு தடவை, நடக்கிற வேகத்தில், விட்டுவிட்டு. இன்னும் பாதி இறக்கம் மிச்சமிருந்தது. அவர் ஒவ்வொரு திருப்பத்திலும் அதன் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார். இது நாய்க்கால். இது சறுக்குப்பாறை. இங்கதான் கல்யாணத்துக்கு முந்தின நாள் விழுந்தேன். அவள் ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றாள். அடிவாரத்தில் காத்திருந்த சங்கிலி, அவர்கள் நடந்து வருவதைப் பார்த்து ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தான். பக்கத்தில் வந்ததும் சொல்லாமல் வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டான்.

அன்று மாலை அவள் பழுப்புச் சட்டையைத் துவைத்தாள். அவள் நினைத்தது சரிதான், அழுக்கு தெரியவே இல்லை. எத்தனை தடவை அலசினாலும் சட்டை சுத்தமாகிவிட்டதா, இன்னும் மண் இருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. தொழிலில் அவளுக்கு இப்படி நேர்ந்ததில்லை. மூட்டையாகப் பிழிந்து அப்படியே வாளியில் போட்டுவிட்டு, குளியலறைத் தரையில் உட்கார்ந்து குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் வேறெதுவும் வெளியே கேட்காது.

மறுநாள் வேலை முடிந்ததும் கடைக்குப் போனாள்.

"மாத்திக் குடுக்க முடியாது அண்ணி, ஒரு தடவை போட்டுட்டீங்க" என்றான் சங்கிலி.

"மாத்த வரல. அந்த ஆரஞ்சு வேணும்."

அவன் முகம் மலர்ந்தது. "அப்ப மறுபடியும் இறங்கறீங்களா?"

"இல்ல. அவரோட சைக்கிளைக் கொண்டுவந்து விடறேன். யாராவது கேட்டா குடுத்துடு."

"அப்புறம் சட்டை?"

"வீட்டுக்கு" என்றாள்.

சங்கிலி அலமாரிப் பக்கம் திரும்பினான். சட்டையை எடுத்துத் தாளில் சுற்றினான். சுற்றும்போது அவன் கைகளில் எண்ணெய்க் கறை இருந்ததைக் கவனித்து, தாளின் ஓரத்தை மட்டும் பிடித்துச் சுற்றினான்.

சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் சமையலறைக் கதவருகே வந்து நின்றாள். நாற்காலியில் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். அவருடைய கண்கள் அலைந்து, சட்டென்று ஓரிடத்தில் நின்றன. நேராக அவள் மேல்.

"யாரு, வீட்டுக்குள்ள ரோடு போடறது?" என்றார்.

அவள் வலப்பக்கம் நகர்ந்தாள். முகம் கூடவே நகர்ந்தது. இடப்பக்கம் போனாள். அதுவும் வந்தது. இருவரும் கொஞ்ச நேரம், சின்னப் பிள்ளைகள் மாதிரி, அப்படியே விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் அவளுக்கு அதுதான் உடுப்பு. தினமும் இரவில் அலசி, காலையில் போட்டுக்கொண்டாள். குளிர்ந்த தண்ணீரில்தான் அலசினாள். உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே உலர்த்தினாள். சாயத்தைக் காப்பாற்ற என்னவெல்லாம் செய்யலாமோ அத்தனையும் அவளுக்குத் தெரியும். அக்கம்பக்கத்தில் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி, "பால் பொங்கப் போகுது, நீ ஏன் ஜன்னல்கிட்ட நிக்கற?" என்பார். "அந்தப் பக்கம் போகாத, அலமாரிக்குப் பின்னாடி மறைஞ்சுடற" என்பார். வீட்டுக்குள் ஒரு விளக்கைத் தூக்கிக்கொண்டு நடப்பதுபோல் அவள் நடந்தாள்.

மழை மாதங்கள் போய்க் குளிர் வந்தபோது ஒருநாள் சொன்னார்: "சாயம் போகுது போலிருக்கே. வெளுத்துக்கிட்டே வருது."

"அப்படியா?" என்றாள். அன்று மாலை சட்டையை ஜன்னலுக்கு எடுத்துப்போய், தையலைப் பிரித்து, வெளிச்சம் படாத உள்மடிப்பையும் வெளித்துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சலவை நிலையத்தில் சாயம் போயிருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்பார்கள். ஒரு துளிகூட வித்தியாசம் இல்லை. வாங்கிய அன்று இருந்ததுபோலவே எரிந்துகொண்டிருந்தது. பிரித்த இடத்தைத் திரும்பத் தைத்தாள்.

"ஆமா, கொஞ்சம் வெளுத்துதான் போச்சு" என்று அவரிடம் சொன்னாள்.

குளிர் முடியும் நேரத்தில், ஒரு காலை. மேசைக்கு வெயில் வந்திருந்தது. அவர் தேநீர்க் கோப்பையின் விளிம்பை விரலால் தேடிப் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார். அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள், நேர் எதிரே. அவர் முகத்தை உயர்த்தி அவள் பக்கம் வெகு நேரம் வைத்திருந்தார்.

"இன்னிக்கு அதைப் போடலையா?" என்று கேட்டார்.

வெயில் ஆரஞ்சுத் துணியில் பட்டு, மேசையின் வெள்ளைப் பரப்பில் மெல்லிய நிறமாகத் தெறித்திருந்தது. அவருடைய கோப்பையில்கூட அந்த நிறம் இருந்தது.

"துவைக்கப் போட்டிருக்கேன்" என்றாள்.

"சரிதான். எத்தனை நாளைக்குத்தான் அதுவும் தாங்கும்" என்றார் அவர். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அவள் கையைத் தேடி மேசைமேல் கையை நகர்த்தினார். அவள் சட்டைக் கையை அவசரமாக முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு, வெறுங்கையை அவருக்கு நேராக நீட்டினாள்.